அற்கீன் பாடமும் அம்மாயியின் சிரட்டையும்

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் அற்கீன் பாடம் தொடங்கிய நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பதுளையில ஒரு பாடசாலை. ஆய்வுகூடம்னு ஒரு அறை இருந்தது, ஆனா புரோமீன் நீர் இல்லை. சேர் கரும்பலகையில் இரண்டு சோதனைக் குழாய்களை வரைஞ்சார். ஒன்றுக்குக் கீழே "செங்கபிலம்", மற்றதுக்குக் கீழே "நிறமற்றது" என்று எழுதினார். "நிறம் போச்சுன்னா நிரம்பாத ஐதரோகாபன். எழுதிக்கோங்க, கட்டாயம் கேப்பான்" என்றார். நாங்க எழுதிக்கிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி லயத்து வீட்டில் கொப்பியைத் திறந்து வச்சு தாக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதே அறையில் அம்மாயி பாய் விரிச்சுப் படுத்திருந்தாங்க. கல்யாணமாகி தேயிலைத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னாடி மொனராகலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவங்க. என் கொப்பியில் இருந்த பாடத்துக்கும் அவங்க செய்த வேலைக்கும் தொடர்பு இருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது. அம்மாயிக்கும் தெரியாது. சேருக்குத் தெரிஞ்சிருக்கலாம், ஆனா வினாத்தாளில் வராத விசயத்தைச் சொல்ல நேரம் இல்லை. அந்தத் தொடர்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாடத்தை முதலில் பார்ப்போம்

காபன் அணு நாலு பிணைப்பு ஏற்படுத்தும். அற்கேன்களில் எல்லாமே ஒற்றைப் பிணைப்பு. அதனால் அவை லேசில் தாக்கத்துக்கு வராது. அற்கீன்களில் குறைந்தது ஒரு இடத்திலாவது இரண்டு காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அதில் ஒன்று உறுதியான சிக்மா, மற்றது அதைவிடப் பலம் குறைந்த பை. இந்தப் பை பிணைப்பின் இலத்திரன்கள் மேலேயும் கீழேயும் வெளிப்பட்டுக் கிடப்பதால், இலத்திரன் தேடி வருகிற எதுவும் அங்கேதான் முதலில் கை வைக்கும். புரோமீன் வந்து கூடினால் நிறம் போகும். ஐதரசன் குளோரைட் கூடும்போது, அதிக ஐதரசன் உள்ள காபனுக்கே ஐதரசன் போகும் என்பது மார்க்கோனிக்கோவின் விதி. குளிர்ந்த, ஐதான பரமங்கனேற்றைச் சேர்த்தால் ஊதா நிறம் போய்க் கபில வீழ்படிவு வரும். ஓசோன் வந்தால் இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்திலேயே மூலக்கூறு இரண்டாக அறுபடும். அற்கீன்கள் ஒன்றோடொன்று கூடிச் சங்கிலியானால் பல்பகுதியம்.

பாடம் இவ்வளவுதான். உதாரணத்துக்கு எதீன், புரொப்பீன் என்று வாயுக்களின் பெயர் வரும். பதுளை மாவட்டத்துப் பிள்ளை எதீனை எங்கே பார்த்தது? ஆனா பசறையில் இருந்து மொனராகலைக்கு இறங்குகிற வழியில் மலை தாழத் தாழ, தேயிலை முடிஞ்சு வரிசையாக நிற்கிற மரங்களைப் பார்த்திருக்கும். அந்த மரங்களின் பட்டைக்குள் ஓடுவதே ஒரு அற்கீன்தான்.

பாலுக்குள்ள என்ன இருக்கு

இறப்பரின் அனுபவச் சூத்திரம் C₅H₈ என்று 1826இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் பரடே. மின்னியல் பாடத்தில் வருகிற அதே பரடேதான். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்பவர் இறப்பரைச் சூடாக்கி வடித்தபோது ஒரு லேசான திரவம் வந்தது. அதுக்கு அவர் "ஐசோப்பிரீன்" என்று பெயர் வைத்தார். ஐந்து காபன், இரண்டு இரட்டைப் பிணைப்பு.

இந்த ஐசோப்பிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகச் சேர்ந்ததுதான் இறப்பர். சேரும்போது ஒரு இரட்டைப் பிணைப்பு செலவாகிவிடும், மற்றது ஒவ்வொரு அலகிலும் மிச்சம் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஹரீஸ் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் இறப்பரை ஓசோனால் வெட்டி, வந்த துண்டுகளை வைத்து இந்த ஒழுங்கைக் காட்டினார். ஆனா அது உண்மையிலேயே நீண்ட சங்கிலியா, சின்னச் சின்ன வளையங்களின் கூட்டமா என்ற சண்டை ஓயலை. ஹெர்மன் ஸ்டவுடிங்கர் 1920இல் "இது மாபெரும் மூலக்கூறு" என்று எழுதியபோது பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல். இந்த வருசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சிஸ், திரான்ஸ் என்று கேத்திரகணிதச் சமபகுதியம் படிப்போமே, அதுக்கும் இறப்பரைவிட நல்ல உதாரணம் கிடையாது. இறப்பரில் சங்கிலி முழுக்கச் சிஸ். அதனால் அது சுருண்டு கிடக்கும், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதே ஐசோப்பிரீன் அலகுகள் திரான்ஸாகச் சேர்ந்தால் கட்டாபேர்ச்சா. அது விறைப்பான பொருள், இழுபடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதைத்தான் பயன்படுத்தினாங்க.

இன்னொரு விசயம். நம்ம ஊவாத் தேயிலையின் வாசனையில் பங்கு வகிக்கிற லினலூல், ஜெரனியோல் போன்ற சேர்வைகளும் இதே ஐந்து காபன் கல்லால் கட்டப்பட்டவை. இரண்டு கல் சேர்ந்தால் தேயிலையின் மணம், ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் இறப்பர். இந்த இரண்டையும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுக்கத்தான் நம்ம ஆட்களைக் கடல் கடந்து கூட்டிக்கொண்டு வந்தாங்க.

கந்தகம் சேர்ந்த பிறகு

பச்சை இறப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து உடையும். 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கியபோது அந்தக் குறை நீங்கியது. 1844இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக் அதே காலத்தில் தன் பெயரில் காப்புரிமை எடுத்துக்கொண்டார். இதுதான் வல்கனைசுப்படுத்தல்.

என்ன நடக்குது? கந்தகம் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. கந்தகம் இரட்டைப் பிணைப்பிலேயே போய் ஏறிக்கொள்ளும் என்று நாங்க சுருக்கமாக எழுதுவோம். உண்மையில் பெரும்பாலும் அது ஒட்டுவது இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் காபனில். பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால்தான் அந்தக் காபனில் இருக்கிற ஐதரசன் லேசாகக் கழன்று வருது. பாலங்கள் விழுந்த பிறகும் பெரும்பாலான இரட்டைப் பிணைப்புகள் அப்படியே இருக்கும். பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் கோடுகோடாக வெடிப்பு வருதே, அது காற்றில் இருக்கிற கொஞ்ச ஓசோன் அந்த மிச்சப் பிணைப்புகளை அறுக்கிறதால. ஹரீஸ் ஆய்வுகூடத்தில் செய்ததைக் காற்று மெதுவாகச் செய்யுது.

கந்தகம் போட்ட இறப்பருக்குச் சந்தை பெருகியது. முதலில் இயந்திரப் பட்டிகளும் குழாய்களும், பிறகு சைக்கிள் டயர், பிறகு மோட்டார் வண்டி. அந்தத் தேவைக்குக் காட்டு இறப்பரை எடுக்கப் போன இடங்களில் நடந்ததை உலகம் மறக்கக்கூடாது. பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் கொங்கோவில் குறிப்பிட்ட அளவு இறப்பர் கொண்டு வராதவர்களைக் கொன்றார்கள், கைகளை வெட்டினார்கள். ரொஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904இல் வெளிவந்தது. பின்னர் அவரே அமேசனின் புட்டுமாயோவில் பழங்குடி மக்களுக்கு நடந்ததையும் பதிவு செய்தார்.

விதை வந்த வழி

1869இல் கோப்பி இலையில் ஒரு துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம்ம மடுல்சீமையில. இருபது வருசத்துக்குள் நாட்டின் கோப்பித் தொழிலையே அது முடித்துவிட்டது. தோட்டத் துரைமார் வேறு பயிர் தேடி ஓடினாங்க. மேட்டு நிலத்துக்குத் தேயிலை கிடைத்தது. தாழ்ந்த, சூடான, மழை உள்ள நிலத்துக்கு இறப்பர்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 1,900 கன்றுகள், அதே வருசம் இலங்கைக்கு வந்து கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கு, போய்ப் பார்க்கலாம்.

மரம் வந்தாலும் பாலை எடுத்துக் கட்டியாக்குகிற முறை தெரியணும். மரத்தைச் சாகடிக்காமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவுகிற முறையைச் சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி உருவாக்கினார். பாலை அமிலத்தால் கட்டியாக்கலாம் என்பதை 1899 அளவில் பேராதனைத் தோட்டத்தில் ஆராய்ந்து சொன்னவர் ஜோன் பார்க்கின். பிறகு 1910இல் லண்டனில் ஒரு இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று காடுகள் வெட்டப்பட்டன. ஊவாவில் மொனராகலைப் பக்கத்துச் சரிவுகளிலும் இறப்பர் ஏறியது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று கங்காணிமார் ஆள் கட்டப் போனாங்க.

விக்கமுக்குப் பிரித்தானிய அரசு "சேர்" பட்டம் கொடுத்தது. ரிட்லி, பார்க்கின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கு. வெட்டினவங்க பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது, அந்தச் செக்ரோல்களையும் கரையான் தின்னுட்டுது.

அம்மாயி சொன்ன இரசாயனம்

உயர்தரம் முடிச்ச பிறகுதான் அம்மாயியிடம் உட்கார்ந்து கேட்டேன். அவங்க சொன்னதை இப்போது திருப்பிப் பார்த்தால் அது முழுக்கவே இரசாயனம்.

"விடியக் கருக்கல்ல போயிறணும் புள்ள. வெயில் ஏறிருச்சுன்னா மரம் பால் தராது."

ஏன்? இரவில் மரம் நீரை இழக்காது. பால்குழாய்களில் அமுக்கம் கூடியிருக்கும். வெயில் வந்து இலைகள் நீரை வெளியேற்ற ஆரம்பித்ததும் அமுக்கம் குறையும், ஓட்டம் நிக்கும்.

"கத்தி ஆழமாப் போனா கங்காணி ஏசுவாரு. பட்டை மட்டும்தான் சீவணும். மரத்தைத் தொட்டுட்டா அந்த இடம் புண்ணாகிரும்."

பால்குழாய்கள் பட்டையின் உள்பகுதியில் இருக்கு. அதுக்கு உள்ளே இருக்கிற மெல்லிய வளர்படை காயப்பட்டால் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. ஒன்றரை மில்லிமீற்றர் கனத்துக்கு, அரை இருட்டில், சரிவில் நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வரைக்கும் சீவணும். இதைத்தான் பயிற்சி தேவையில்லாத வேலை என்று சம்பளச் சபையில் கணக்குப் போட்டாங்க.

"சிரட்டையில பால் சேர்ந்ததும் வாளியில ஊத்திக்கிட்டு ஓடணும். லேட்டாச்சுன்னா வாளியிலயே தயிராப் போயிரும். மழை பேஞ்சா அன்னைக்குப் பால் இல்ல, பேரும் அரைப்பேருதான்."

பாலில் இறப்பர்த் துணிக்கைகளைச் சுற்றி ஒரு புரதப் படலம் இருக்கு, அதில் மறை ஏற்றம். ஒன்றையொன்று தள்ளுவதால் அவை சேராமல் மிதக்கும். பற்றீரியா அமிலம் உண்டாக்கினால் ஏற்றம் அழிந்து துணிக்கைகள் கட்டியாகும். ஸ்டோருக்குப் போன பிறகு அதையே வேணும்னு செய்யணும். தட்டத்தில் ஊற்றி அசற்றிக் அமிலமோ போமிக் அமிலமோ சேர்த்தால் மறுநாள் காலையில் வெள்ளைப் பலகை மாதிரி இருக்கும். அதை உருளையில் கொடுத்து, கோடு பதிச்சு, புகைக்கூண்டில் தொங்க விடணும். புகையில் இருக்கிற பீனோல் வகைச் சேர்வைகள் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும்.

அம்மாயியின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடிச்சு இருக்கும். "அமிலம் பட்டா உரியும், அப்புறம் பழகிரும்" என்பாங்க. பதினாலு வயசில் தொடங்கின வேலை.

1952

இப்போது அந்த வருசங்களுக்கு வருவோம்.

1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறப்பர் விலை விழுந்தபோது பல தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினாங்க. 1942இல் ஜப்பான் மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் பிடித்ததும் நிலைமை தலைகீழ். நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தர மிஞ்சிய பெரிய இடம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று உச்சி வரைக்கும் வெட்டச் சொன்னாங்க. அதே யுத்தத்தில் அமெரிக்கா பியூற்றாடையீன், ஸ்டைரீன் என்ற அற்கீன்களைச் சேர்த்து செயற்கை இறப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. யுத்தம் முடிந்தபோது மரத்துப் பாலுக்கு ஒரு நிரந்தரப் போட்டியாளன் வந்துவிட்டான்.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கு எடுத்து, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவங்க போக மறுத்தாங்க. களனிப் பள்ளத்தாக்கில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அத்துமீறி இருந்ததாகத் தொழிலாளர் மேல் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது.

அடுத்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மலையக மக்களில் பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1952 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. அந்த வருசம் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தாங்க.

அதே 1952 டிசம்பரில்தான் இறப்பர் – அரிசி ஒப்பந்தம். கொரிய யுத்தத்தால் ஏறின இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க முன்னின்று சீனாவோடு பேசினார். வருசத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்கணும், 270,000 தொன் அரிசி வரும், ஐந்து வருசத்துக்கு. சீனா சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்தது. கம்யூனிச நாட்டுக்கு இறப்பர் கொடுக்காதே என்று அமெரிக்கா மிரட்டியும் இலங்கை கேட்கலை. சின்ன நாடு தன் சொந்தக் காலில் நின்ற தருணமாக நம்ம வரலாற்றுப் புத்தகம் இதைச் சொல்லும். அது பொய் இல்லை.

ஆனா அந்தப் பக்கத்தில் ஒரு வரி குறையுது. 50,000 தொன்னையும் நம்ம ஆட்களே எடுத்தாங்க என்று நான் சொல்ல வரலை. சிங்களக் கிராமத்துச் சிறு தோட்டக்காரரும் நிறைய எடுத்தாங்க, பெரிய தோட்டங்களிலும் சிங்களத் தொழிலாளர் இருந்தாங்க. இருந்தாலும் பெரிய தோட்டங்களில் விடியக் கருக்கலில் கத்தியோடு போனவங்களில் ஒரு பெரிய பகுதி, நாலு வருசம் முன்னாடி "நீங்க இந்த நாட்டவர் இல்லை" என்று சொல்லப்பட்டவங்க. நாட்டுக்குச் சோறு போட்ட பொருளை எடுத்துக் கொடுத்தவங்களுக்கு அந்த நாட்டில் வாக்கு இல்லை. ஸ்டவுடிங்கர் இறப்பரின் சங்கிலிக்காக நோபல் பரிசு வாங்கிய 1953இல், ஒப்பந்தத்தின்படி அரிசி வந்துகொண்டிருந்தது. அம்மாயி அந்தச் சமயம் சின்னப் பிள்ளை. கூப்பன் அரிசி வாங்க அவங்க அம்மாவோடு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்காம். அரிசி சீனாவில் இருந்து வந்ததுன்னு தெரியும், எதுக்குப் பதிலாக வந்ததுன்னு யாரும் சொல்லலை.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிச்சாங்க. அம்மாயியின் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறிப் போனது. அங்கேயும் ஒரு இறப்பர்த் தோட்டத்தில்தான் வேலை கிடைச்சதுன்னு ஒரு கடிதம் வந்ததாம். நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 வரைக்கும் ஆனது.

எதுக்கு இதெல்லாம்?

"தேர்வில் வராத விசயம், எதுக்கு?" என்று தம்பி தங்கச்சிகள் கேக்கலாம். நியாயமான கேள்வி. தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பதே குறைவு. இருக்கிற இடத்தில் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இல்லை. முதலில் அதைச் சரி செய்யணும், சந்தேகம் இல்லை.

ஆனா விஞ்ஞானம் நமக்கு வெளியில இருந்து வந்த சரக்கு, நாங்க அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கணும் என்ற எண்ணமும் ஒரு தடைதான். கொழுந்து எடுக்கிறப்ப அம்மா இடுப்பில் கட்டுகிற பொலித்தீன், எதீன் என்ற அற்கீனின் சங்கிலி. முன்னாடி கட்டின படங்குச் சாக்கு உக்கிப்போகும். பொலித்தீனில் இரட்டைப் பிணைப்பு எல்லாம் செலவாகிவிட்டதால அது மண்ணில் போட்டாலும் லேசில் உக்காது. லயத்துக்குப் பின்னாடி கான் அடைச்சுக் கிடப்பது அதுதான். அற்கீன் பாடத்துக்கு உதாரணம் தேடி நாங்க எங்கேயும் போக வேண்டியதில்லை.

ஆய்வுகூடம் இல்லாத இடத்திலும் ஒரு விசயம் செய்யலாம். உங்க வீட்டில் பால் வெட்டினவங்க, ஸ்டோரில் அமிலம் ஊற்றினவங்க, தேயிலை ஸ்டோரில் வாசனை பார்த்து "புளிச்சது போதும்" என்று சொன்னவங்க யாராவது உயிரோடு இருந்தால், கொப்பியை எடுத்துக்கிட்டு உட்காருங்க. என்ன செய்தீங்க, ஏன் அப்படிச் செய்தீங்க, எது பிழைச்சால் என்ன ஆகும் என்று கேளுங்க. பிறகு புத்தகத்தைத் திறந்து காரணத்தைத் தேடுங்க.

அம்மாயி போன வருசம் தவறிட்டாங்க. கடைசியாக ஒருநாள், இறப்பர் பாலில் இருக்கிற இரட்டைப் பிணைப்பைக் கொப்பியில் வரைந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இதையா நான் வெட்டுனேன்?" என்று கேட்டாங்க. ஆமா என்றேன். "அப்ப எங்களுக்கும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்" என்றாங்க.